மேலே வந்துகொண்டேயிருந்த பதிவு

மேரிசெல்விக்கு எதற்குத்தான் பயமில்லை? ஈ.சி.ஆர். ரோட்டைக் கடக்கப் பயம், பேங்கில் செலான் நிரப்பப் பயம், குக்கர் விசில் அடித்தால் பயம். உப்பளத்தில் அவளோடு வேலை செய்யும் பெண்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. வரப்பில் பாம்பு என்று யாராவது சும்மா சொன்னாலே போதும், உப்பு வாரும் பலகையைப் பாத்தியிலேயே போட்டுவிட்டு ஓடுவாள். அவள் ஓடுவதைப் பார்ப்பதற்காகவே அந்த வரப்பில் அடிக்கடி பாம்பு வரும்.

அப்படிப்பட்டவள் முப்பது வயதைத் தாண்டிப் பட்டப்படிப்பில் சேர்ந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? அவள் புருஷன் டோமினிக்கே நம்பவில்லை. பிளஸ் டூ பாஸ் பண்ணிய கையோடு கல்யாணம் ஆனவள். மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே, மாதா கோயிலும் மாரியம்மன் கோயிலும் ஒரே மைக்செட்காரரை நம்பியிருக்கிற சின்னக் குப்பம் அவர்களுடையது. அங்கே வெயிலில் நிற்காமல் பிழைக்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலரில் தானும் ஒருத்தியாகிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. செல்போனிலேயே படிக்கலாம், காலேஜுக்குப் போக வேண்டாம், யாரும் எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டாள். பயந்தாங்கொள்ளிக்கென்றே செய்து வைத்த படிப்பு என்று சமூகப்பணி பி.ஏ.வில் சேர்ந்துவிட்டாள்.

முதல் செமஸ்டர் நிம்மதியாகத்தான் போனது. கௌதமன் சார் வீடியோவில் பாடம் நடத்துவார். முடிந்ததும் திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். அதில் பதிலை எழுதி நீலப் பொத்தானை அழுத்தினால் சார் மட்டும் பார்த்து மார்க் போடுவார். இரண்டாவது செமஸ்டரில் கலந்துரையாடல் மன்றம் என்று ஒன்று புதிதாகச் சேர்ந்தது. ஒருவர் எழுதுவதை வகுப்பு முழுக்கப் படிக்கும், பதில் போடும், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளலாம், அதற்கும் மார்க் உண்டு என்று சார் ஒரு வீடியோவில் விளக்கியிருந்தார். அந்த வீடியோ வந்த அன்று மேரிசெல்வியின் போனில் டேட்டா தீர்ந்துபோயிருந்தது. முன்னுரைதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மன்றத்திலும் அதே வெள்ளைக் கட்டம், அதே நீலப் பொத்தான். கேள்விதான் புதிது. உங்கள் ஊரில் நீங்கள் நேரில் கண்ட ஒரு சமூகப் பிரச்சினையை எதையும் மறைக்காமல் எழுதுங்கள் என்று இருந்தது.

மறைக்காமல் சொல்வது எப்படி என்று மேரிசெல்விக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்ன வயதில் கோயிலில் புதுநன்மை வாங்கியதிலிருந்து மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை தவறாமல், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவள். மரச்சட்டத்தின் சின்ன ஓட்டைகளுக்கு இந்தப் பக்கம் முழங்கால் போட்டுக்கொண்டு, யாரோடு, எங்கே, எப்படி என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். பாதியை முழுங்கினால் பாவசங்கீர்த்தனமே செல்லாது என்று ஞானோபதேச வகுப்பில் பயம் காட்டி வளர்த்திருந்தார்கள். சொன்னது அந்தப் பக்கம் இருக்கிற சாமியாரோடு போய்விடும். எந்தச் சாமியாரும் அதை வெளியே சொன்னதாக அவள் கேள்விப்பட்டதில்லை. இங்கேயும் கட்டத்துக்கு அந்தப் பக்கம் சார் இருக்கிறார், மறைக்காமல் சொல்லு என்கிறார். அவள் வேறெப்படி நினைப்பாள்?

சொல்ல விஷயமும் இருந்தது. டோமினிக் உப்பு மூட்டை லோடு ஏற்றுகிறவன். அவனுடைய மேஸ்திரி தனக்கோடி. மேஸ்திரி வேலை ஊர் பார்வைக்கு. உள்ளுக்குள் தனக்கோடி விற்பது சாராயம். பக்கத்து எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயத்தால் ஆட்கள் செத்த வருஷம் போலீஸ் கெடுபிடியில் கொஞ்சநாள் அடங்கியிருந்தார், பிறகு பழையபடி தலையெடுத்தார். மழைக்கு முன்னால் உப்பை அம்பாரமாகக் குவித்து ஓலை போட்டு மூடுவார்கள் இல்லையா, அப்படி மூடிய ஓர் அம்பாரத்தின் ஓலைக்கு அடியில் சாராய பாக்கெட்டுகள் அடுக்கியிருந்ததை மேரிசெல்வி கண்ணால் பார்த்தாள். அந்த வாரமே டோமினிக் அதைக் குடித்துவிட்டு வந்து, பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு, "மேரி, ஏன் இருட்டா இருக்குது?" என்று கேட்டான். ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்கே குடித்தாய் என்று கேட்பார்கள் என்று அவன் வரவே மாட்டேன் என்றான். மறுநாள் பார்வை திரும்பியது. அந்த ஒரு நாள் அவள் பட்ட பாடு மாதாவுக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றையும் எழுதினாள். தனக்கோடி பெயர், எந்த அம்பாரம், புருஷன் பெயர், அவன் கண். எழுதிப் பொத்தானை அழுத்தியதும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை உப்பை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் கஞ்சி குடிக்கிற நேரத்தில் போனைத் திறந்தாள். திருநெல்வேலியிலிருந்து பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர் எழுதியிருந்தார், "சகோதரி மேரிசெல்வியின் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன்." ஓசூரிலிருந்து ஒரு பெண், "அருமை தோழி." அதற்குக் கீழே இன்னொருவர், "தனக்கோடி போன்றவர்களைச் சும்மா விடக்கூடாது." அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக நின்றன.

யார் இவர்கள்? சார் எங்கே? திரையை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தபோதுதான் மேரிசெல்விக்கு விளங்கியது. வகுப்பு மொத்தமும் படித்துக்கொண்டிருந்தது. ஆட்களின் பெயர்களைத் தவிர்க்கவும் என்று கேள்விக்கு அடியில் இங்கிலீஷில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. வரப்பில் நிஜமாகவே பாம்பு வந்திருந்தாலும் அன்றைக்கு அவள் நகர்ந்திருக்க மாட்டாள்.

பதிவை அழிக்கப் பார்த்தாள். போட்ட அரைமணி நேரத்துக்குள் அழித்திருக்க வேண்டுமாம். இனி சார்தான் எடுக்க முடியும். சாருக்கு மெசேஜ் போட்டாள். பயந்தவளுக்கு அங்கேயும் உண்மை வரவில்லை. "சார், என் பதிவை எடுத்துவிடுங்கள், நான் சரியாக எழுதவில்லை" என்று மட்டும் எழுதினாள். தங்கை திருமணத்துக்காக விடுப்பில் இருக்கிறேன், வந்ததும் பார்க்கிறேன் என்று தானாகவே ஒரு பதில் வந்தது.

டோமினிக்கிடம் சொல்லலாமா? சொன்னால் அவன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். காலையிலிருந்து சாயங்காலம் வரை தனக்கோடியின் கண்ணுக்கு முன்னாலேயே நிற்கிறவன், மத்தியானம் லாரி நிழலில் படுத்துத் தூங்குகிறவன். போலீசுக்குத் துப்புக் கொடுத்தான் என்று தனக்கோடி சந்தேகப்பட்ட ஒருவனுக்கு அப்படித் தூங்கும்போதுதான் கால் நசுங்கிப்போனது. ரிவர்ஸ் எடுக்கையில் டிரைவர் கவனிக்கவில்லை என்றார்கள். ஊரும் சரி என்று கேட்டுக்கொண்டது. அந்தக் கால்தான் இப்போது மேரிசெல்வியின் கண்ணுக்குள் வந்துவந்து போனது.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்த பதிவோ, கடைசியாகப் பதில் வந்த பதிவோ எல்லாவற்றுக்கும் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் கீழே இறங்குகிறது என்று மேரிசெல்வி மூச்சு விடுவதற்குள் யாராவது ஒரு நல்ல மனுஷர் "சிறப்பு" என்பார், பதிவு மறுபடி உச்சிக்குப் போய்விடும். பொறுக்க முடியாமல் அவளே எழுதினாள், "தயவுசெய்து யாரும் இதற்குப் பதில் போடாதீர்கள்." அதுவும் ஒரு பதில்தானே! பதிவு மேலே வந்தது. பார்த்தவர்களெல்லாம் பதறிப்போய், "பயப்படாதீர்கள் சகோதரி, நாங்கள் இருக்கிறோம்" என்று ஆளுக்கொன்று எழுதினார்கள். இருக்கிறார்கள்தான், ஓசூரிலும் திருநெல்வேலியிலும் இருக்கிறார்கள். தனக்கோடி இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்.

அப்போதுதான் மன்றத்தில் பதிவு போட்டவர்களில் ஒரு பெயரைக் கவனித்தாள். பொன்மொழி. ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஊர் போட்டிருக்கும்; இந்தப் பெயருக்குக் கீழே மரக்காணம் என்று இருந்தது. யார் இந்தப் பொன்மொழி? மேரிசெல்விக்குத் தெரிந்து அக்கம்பக்கத்தில் அப்படியொரு பெயரே இல்லை. அவள் பதிவுக்குப் பொன்மொழி ஒரு வார்த்தை பதில் போடவில்லை. ஆனால் மேரிசெல்வி எழுதிய அன்றிலிருந்தே பொன்மொழியின் புதுப்புதுப் பதிவுகளாக மன்றத்தில் வந்து விழுந்தன. சமூகம் என்றால் என்ன? பரீட்சைக்கு நீல மையா, கறுப்பு மையா? களஆய்வுக்குச் செருப்பு போட்டுக்கொண்டு போகலாமா? காலையில் இரண்டு, மத்தியானம் மூன்று. பாடத்தைப் படித்துவிட்டுக் கேளுங்கள் என்று ஓசூர்ப் பெண் எரிந்துவிழுந்தாள். பொன்மொழி நிறுத்தவில்லை.

மேரிசெல்வி ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். இது படிக்கிற ஆள் செய்கிற வேலையா? தன்னை யாரோ சுற்றிச்சுற்றி வந்து நோட்டம் விடுகிறார்கள் என்றே முடிவு கட்டினாள். சாப்பாடு குறைந்தது. டோமினிக் லோடுக்குக் கிளம்பினால் வாசலில் நின்று, "லாரிக்குக் கீழ படுக்காதீங்க" என்பாள். "இன்னாடி ஆச்சு உனக்கு?" என்று அவன் சிரித்துவிட்டுப் போவான். அவன் திரும்பி வருகிற வரை சுமை ஏற்றும் யார்டு பக்கமே அவளுக்குக் கண்.

ஒரு நாள் சாயங்காலம் தனக்கோடியே வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏம்பா டோமினிக், உன் வூட்டுக்காரி போன்லயே டிகிரி படிக்குதாமே?"

அடுப்படியில் மேரிசெல்வி கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"ஆமா மேஸ்திரி, என்னமோ படிக்குது" என்றான் டோமினிக்.

"என்னென்னமோ எழுதுதாமே அதுல?"

கர்த்தரே என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஓடுவதற்குப் பின்வாசல் இல்லை. இருந்திருந்தாலும் டோமினிக்கை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

"என் மருமவளும் அதுதான் படிக்குது" என்றார் தனக்கோடி. "எந்நேரமும் போனைத் தட்டிக்கினே இருக்குது, ஒண்ணும் ஏற மாட்டேங்குது போல. கேக்குற கேள்வியெல்லாம் பாத்துட்டு எம் புள்ள தலையில அடிச்சுக்கிறான். உன் வூட்டுக்காரியை வந்து கொஞ்சம் சொல்லித்தரச் சொல்லுப்பா."

சர்ட்டிபிகேட்டில் பொன்மொழி, வீட்டில் பொன்னி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனக்கோடியின் மகன் மணிவண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், நல்லது கெட்டதில் பார்த்தால் "சாப்ட்டியாக்கா?" என்று கேட்கிறவள். இவளா? மேஸ்திரி கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. மறுநாள் போனாள்.

கூடத்தில் மணிவண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். "வாக்கா, இதுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு" என்று சிரித்தான். பொன்னி அவளை மாடிக்குக் கூட்டிப்போய், காயவைத்த துணிகளுக்கு நடுவில் நிறுத்தி, குரலை இறக்கினாள்.

"அக்கா, உனக்கு அறிவிருக்குதா? நான் பாடுபட்டுக் கீழ தள்ளிக்கினு இருக்கேன், நீயே பதில் போட்டு மேல தூக்குற!"

மேரிசெல்விக்கு ஒன்றும் புரியவில்லை.

"என் வூட்டுக்காரு தினமும் என் போனை வாங்கி ஃபோரமைத் திறந்து பாப்பாரு. யாருகூட என்ன பேசறேன்னு பாக்கணுமாம். படிக்க உட்டதே அந்தக் கண்டிஷன்லதான். மொத ஸ்கிரீனோட சரி, கீழ தள்ளிப் பாக்கப் பொறுமை கிடையாது. நீ போட்ட அன்னிக்கே நான் படிச்சிட்டேன். அதுலேர்ந்து வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டுப் புதுசு புதுசாப் போட்டு ஸ்கிரீனை ரொப்பிக்கினு இருக்கேன். முட்டாள்னு பேரு வாங்கினதுதான் மிச்சம்."

மேரிசெல்வி துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. "உனக்கு என்னாத்துக்குடி இந்த வம்பு?" என்று கேட்டாள்.

"நீ எழுதினது பொய்யாக்கா? அந்த ஓலையைப் பிரிச்சு மூடினதுல என் கையும் இருக்குது. மாமனாரு சொன்னாரு, செஞ்சேன். உன் வூட்டுக்காருக்குக் கண்ணு போனதை உன் போஸ்ட்டுல படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்." பொன்னி கீழே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "என் வூட்டுக்காரு பாத்துட்டா உங்க வூட்டுக்கு அப்புறம்தான் வருவாரு. தெரிஞ்சும் ஏன் சொல்லலன்னு மொதல்ல என்னைத்தான் கேப்பாரு. பெல்ட்டை உருவிக்கினுதான் கேப்பாரு."

அன்றிலிருந்து வகுப்பில் இரண்டு முட்டாள்கள் ஆனார்கள். ஒருத்தி ஓய்ந்தால் இன்னொருத்தி தொடங்குவாள். ஆய்வுக்கும் கணக்கெடுப்புக்கும் என்ன வித்தியாசம்? நேர்காணலில் ஆள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? யார் பெயரை எழுதலாம், யார் பெயரை எழுதக்கூடாது? திருநெல்வேலி பேங்க்காரர் சலிக்காமல் பத்தி பத்தியாக விளக்கினார். ஓசூர்ப் பெண் திட்டிக்கொண்டே விளக்கினாள். பதில் வரவர மேரிசெல்வி ஒவ்வொன்றையும் படித்தாள், வந்த பதிலில் சந்தேகம் கேட்டாள், பொன்னி அதற்குப் பதில் போட்டாள். பயத்தில் செய்த வேலைதான். ஆனாலும் புத்தகத்தில் மண்டையில் ஏறாதது இதில் ஏறியது. பழைய பதிவு முதல் திரையிலிருந்து இறங்கி, இரண்டாவதுக்குப் போய், அதற்கும் கீழே போனது. சார் வந்துவிட்டால் எடுத்துவிடுவார். அதுவரை தள்ளினால் போதும் என்று இருவரும் நாளைக் கடத்தினார்கள்.

சார் வந்தார். மேரிசெல்வியின் மெசேஜைப் படித்தார். பதிவையும் படித்தார்.

மத்தியானம் யார்டில் கூலியாட்களோடு அவள் கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு தகவல் வந்து நின்றது. "இந்த வாரத்தின் சிறந்த பதிவு: மேரிசெல்வி, மரக்காணம்." சார் எழுதியிருந்தார், "சரியாக எழுதவில்லை என்று இந்த மாணவி தன்னைத் தானே குறைத்துக்கொள்கிறார். ஒரு சமூகப்பணியாளரின் கண் இப்படித்தான் இருக்க வேண்டும். அனைவரும் கட்டாயம் படியுங்கள்." பதிவை மன்றத்தின் உச்சியில், இனி எந்தப் பதிவும் கீழே தள்ள முடியாதபடி நிறுத்திவைத்திருந்தார். படிக்கிற எல்லோருடைய போனுக்கும் தகவல் போயிருந்தது.

பொன்னியின் போனுக்கும் போயிருக்கும். மேரிசெல்வி ஊசியைக் கீழே போட்டாள். அவசரத்தில் பொன்னியின் நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது தடவை மணி அடித்தது. எடுத்தது பொன்னி இல்லை.

"அலோ" என்றான் மணிவண்ணன்.

போன் அவன் கையில் இருக்கிறது. அப்படியானால் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், இந்த நிமிஷம் அந்தக் கூடத்தில் பொன்னி மூலையில் நிற்கிறாள். மேரிசெல்விக்கு அதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. கட் பண்ணிவிடலாம் என்று கட்டைவிரல் போனது. எதிரே லாரியின் மேல் டோமினிக் நின்றிருந்தான், கீழே தனக்கோடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாழ்நாளெல்லாம் பயந்தவள் அந்த ஒரு தடவை பயத்தை மீறிக்கொண்டு பேசினாள்.

"தம்பி, நான் மேரிசெல்வி. பொன்னியை ஒண்ணும் பண்ணிடாதப்பா. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. உங்க அப்பாவைப் பத்தி எழுதினது நான்தான். என் வூட்டுக்காருக்குக்கூடத் தெரியாது, சத்தியமா தெரியாது. எதுவா இருந்தாலும் என்னையே கேளு."

போனுக்கு அந்தப் பக்கம், தூரத்தில் எங்கோ தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது.

"பொன்னி தண்ணி புடிக்கப் போயிருக்குதுக்கா" என்றான் மணிவண்ணன் மெதுவாக. "காலையிலேர்ந்து இந்தப் போன் செத்துக் கெடந்துது. இப்பத்தான் சார்ஜ்ல போட்டு ஆன் பண்ணேன்."

லாரி மேலிருந்து டோமினிக் யாரு என்று கையால் கேட்டான்.

"எங்கப்பாவைப் பத்தி என்னாக்கா எழுதின?" என்றான் மணிவண்ணன். பிறகு, "இரு, கட் பண்ணாத. லைன்லயே இரு. நானே பாக்கறேன்."